கணக்கில் விடுபட்ட தளம்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் முழுதும் வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.)

பொறியியல் விதிநூல்களில் வரும் வினைமுற்றுகளை ஆராய்வதே என் முனைவர் பட்ட ஆய்வு என்று சொன்னால் மொழியியல் நண்பர்கள் வியக்கிறார்கள். பொறியியல் நண்பர்கள் சிரிக்கிறார்கள். முதுகலையில் மொழியியல் படித்த ஒருவருக்கு எஃகு உத்தரத்திலும் கான்கிரீட் தளத்திலும் என்ன வேலை என்ற கேள்வி கருத்தரங்குகளில் தவறாமல் எழுகிறது. ஐந்து நிமிடத்தில் அதற்கு விடை சொல்ல இயலவில்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.

கட்டட விதிநூல் எதுவாயினும் அதன் முதுகெலும்பு மூன்று வினைவடிவங்கள்: 'வேண்டும்', 'கூடாது', '-லாம்'. முதலிரண்டும் தெளிவானவை. மூன்றாவதுதான் சிக்கலானது. தமிழில் 'நீ போகலாம்' என்றால் இசைவு. 'நாளை மழை வரலாம்' என்றால் வாய்ப்பு. ஒரே விகுதி இரண்டு பொருளையும் சுமக்கிறது. இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'உத்தரத்தின் வலிமையைக் கணக்கிடும்போது அதன்மேலுள்ள கான்கிரீட் தளத்தின் பங்கை விட்டுவிடலாம்.' இது இசைவு. கணக்கிடும் பொறியாளருக்குத் தரப்பட்ட இசைவு. ஆனால் பலமுறை சொல்லப்பட்டுப் பழகிய பிறகு, 'அப்படி விட்டுவிடுவதால் தீங்கு ஏதும் வராது' என்னும் உறுதிமொழியாக அதே வாக்கியம் காதில் விழத் தொடங்குகிறது. இசைவு எப்போது உறுதிமொழியாக மாறியது, அந்த மாற்றத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதே என் ஆய்வின் ஓர் இயல். அதற்கு நான் எடுத்துக்கொண்ட சான்று, நிலநடுக்கத்தின்போது எஃகுச் சட்டகங்களின் இணைப்புகளில் கான்கிரீட் தளம் செய்யும் வேலை.

பொறியியல் படிக்காதவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். எஃகுச் சட்டகக் கட்டடத்தில் தூண்கள் செங்குத்தாகவும் உத்தரங்கள் கிடையாகவும் நிற்கின்றன. உத்தரம் ஆங்கில 'ஐ' எழுத்தின் வடிவம் கொண்டது: மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இரண்டையும் இணைக்கும் நடுத்தகடு. இந்த உத்தரங்களின்மேல் மடிப்புத் தகடு விரித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றித் தளம் அமைக்கிறார்கள். தளமும் உத்தரமும் ஒன்றோடொன்று வழுக்காதபடி உத்தரத்தின் மேல்தகட்டில் 'ஸ்டட்' எனப்படும் தலையுள்ள முளைகளைப் பற்றவைத்துக் கான்கிரீட்டுக்குள் புதைக்கிறார்கள். நாம் நடப்பது இந்தத் தளத்தின்மேல். மேசை, நாற்காலி, மனிதர் எல்லாம் நிற்பது இதன்மேல். பொறியாளரின் கணக்கில் தளம் முதலில் நுழைவது எடையாகத்தான்.

நிலநடுக்கம் கட்டடத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது, தூணும் உத்தரமும் சந்திக்கும் இணைப்புகளிலேயே பெரும் விசைகள் குவிகின்றன. வலுவான நிலநடுக்கத்தை ஒரு கட்டடம் துளியும் சேதமின்றித் தாங்க வேண்டுமென்றால் செலவு கட்டுக்கடங்காது. ஆகவே பொறியாளர்கள் சேதம் நிகழும் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். உத்தரத்தின் முனையையொட்டிய பகுதி நெகிழ்ந்து வளைந்து ஆற்றலை உள்வாங்கட்டும். தூண் உறுதியாக நிற்கட்டும். இணைப்பில் உள்ள பற்றவைப்பு முறியாமல் இருக்கட்டும். உத்தரம் வளைந்தால் ஒரு தளத்தில் சேதம். தூண் வளைந்தால் ஒரு மாடியே சாயும். 'வலிய தூண், மெலிந்த உத்தரம்' என்ற கொள்கை பிறந்தது இப்படித்தான்.

இந்த நடத்தையைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வியப்பளித்தது சுண்ணாம்பு. சோதனைக்குரிய எஃகு இணைப்பின்மேல் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். எஃகு நெகிழத் தொடங்கும் இடத்தில் சுண்ணாம்பு செதில்செதிலாக உதிரும்; எந்த இடம் முதலில் தளர்ந்தது என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம் என்று அங்கிருந்த மூத்த ஆய்வாளர் அண்ணன் விளக்கினார். நான் பார்த்த மாதிரியில் தூணின் ஒரு துண்டு இருந்தது, அதிலிருந்து நீண்ட உத்தரம் இருந்தது, தளம் இல்லை. "தளம் எங்கே அண்ணா?" என்று கேட்டேன். "இது வெற்று எஃகு மாதிரி. தளம் போட்டால் செலவும் கூடும், அளவீடும் சிக்கலாகும்" என்றார். அவர் சொன்னதில் பிழை ஏதுமில்லை. தனித்தனிக் காரணங்களைப் பிரித்தறிய வெற்று மாதிரி தேவை. எனினும் 'வெற்று' என்ற அந்த அடைமொழி என் குறிப்பேட்டில் ஏறியது. மொழியியலில் ஒரு சொல்லுக்கு அடைமொழி சேர்ந்தால், அடைமொழியில்லாத இயல்பு நிலை வேறொன்று இருக்கிறது என்று பொருள். இங்கே இயல்பு நிலை தளத்தோடு கூடிய இணைப்பு. சோதனையின் இயல்பு நிலையோ தளமற்ற இணைப்பு.

1994 ஜனவரி 17 அன்று விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் 6.7 அளவிலான நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் நிகழ்ந்தது. பற்றவைத்த எஃகுச் சட்டகம் எதுவும் இடிந்து விழவில்லை. எஃகு தன் பெயரைக் காப்பாற்றிவிட்டது என்றே முதலில் எல்லோரும் எண்ணினர். சில வாரங்களில் நிலைமை மாறியது. தீத்தடுப்புப் பூச்சையும் மேற்பூச்சையும் அகற்றிப் பார்த்தபோது, உத்தரமும் தூணும் சேரும் இடத்தில் பற்றவைப்புகள் வெடித்திருந்தன. சில இடங்களில் விரிசல் தூணுக்குள்ளேயே ஓடியிருந்தது. சேதமுற்ற கட்டடங்கள் நூற்றுக்கும் மேல். ஒரு மாடிக் கட்டடம் முதல் 26 மாடிக் கட்டடம் வரை அவற்றுள் இருந்தன. 30 ஆண்டுப் பழமையானவையும் இருந்தன; அப்போதுதான் எழுப்பப்பட்டுக்கொண்டிருந்தவையும் இருந்தன. நெகிழ்ந்து வளையும் என்று நம்பப்பட்ட எஃகு, கண்ணாடிபோல் முறிந்திருந்தது.

முறிவுகள் பரவியிருந்த விதத்தில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பெரும்பாலானவை உத்தரத்தின் கீழ்த்தகட்டுப் பற்றவைப்பில் தொடங்கியிருந்தன. மேல்தகட்டில் மிகக் குறைவு. பக்கவாட்டு ஆட்டம் இருபுறமும் மாறிமாறி நிகழ்வது. மேல்தகடும் கீழ்த்தகடும் முறைவைத்து இழுபடுவன. அப்படியிருக்கக் கீழ்த்தகடு மட்டும் ஏன்?

இதற்குப் பல காரணங்கள் சேர்ந்தே விடையாகின்றன. கீழ்த்தகட்டைப் பற்றவைக்கும்போது நடுத்தகடு குறுக்கே நிற்பதால், அதிலுள்ள சிறு துளை வழியே நின்று நின்றுதான் பற்றவைக்க முடியும். நிறுத்தித் தொடங்கும் இடங்களில் குறைகள் சேரும். பற்றவைப்புக்கு அடியில் வைக்கும் எஃகுப் பட்டையை வேலை முடிந்தபின் அகற்றாமல் விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது; அதன் ஓரம் ஒரு வெட்டுக்காயம்போல் செயல்பட்டது. அப்போது பரவலாகப் பயன்பட்ட பற்றவைப்புக் கம்பி, விரிசல் பரவுவதைத் தடுக்கும் உரம் குறைந்தது. சந்தையில் கிடைத்த உத்தர எஃகு, விதிநூல் கருதிய வலிமையைவிட உண்மையில் வலியதாக இருந்தது. அதனால் உத்தரம் நெகிழும் முன்பே பற்றவைப்பின்மீது கூடுதல் சுமை ஏறியது. இந்தப் பட்டியலில் இன்னொரு பெயரும் உண்டு: கான்கிரீட் தளம்.

தளம் செய்ததைப் புரிந்துகொள்ள ஒரு பச்சை மூங்கிலை வளைத்துப் பாருங்கள். வளைவின் ஒருபுறம் இழுபடும், மறுபுறம் நெருக்குறும். இடையில் இழுபடாமலும் நெருக்குறாமலும் ஒரு கோடு இருக்கும். அதனைப் பொறியாளர்கள் நடுநிலை அச்சு என்பர். வெற்று உத்தரத்தில் அந்த அச்சு சரியாக நடுவில் இருக்கிறது. ஆகவே மேல்தகடும் கீழ்த்தகடும் சம அளவில் நீள்கின்றன அல்லது சுருங்குகின்றன. மேலே தளம் சேர்ந்ததும் இந்தச் சமநிலை குலைகிறது. கட்டடம் ஒருபுறம் சாயும்போது தளம் தூணின் முகத்தில் போய் முட்டுகிறது. நெருக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் வல்லது. எனவே மேலே நெருக்கும் விசையின் பெரும்பகுதியைத் தளமே ஏற்றுக்கொள்ள, நடுநிலை அச்சு மேல்தகட்டை நோக்கி நகர்கிறது. அச்சிலிருந்து கீழ்த்தகட்டுக்குள்ள தொலைவு கூடுகிறது. அச்சு நடுவிலிருந்து மேல்தகடு வரையே உயர்ந்துவிட்டால், அதே அளவு வளைவுக்குக் கீழ்த்தகடு ஏறத்தாழ இருமடங்கு நீள வேண்டியிருக்கும். மேல்தகடோ சும்மா இருக்கும். ஆட்டம் எதிர்ப்புறம் திரும்பும்போது தளம் இழுபடுகிறது. இழுவிசைக்குக் கான்கிரீட் நிற்காது. விரிசல் விட்டு ஒதுங்கிவிடும். உள்ளே இருக்கும் கம்பிகள் மட்டும் ஓரளவு பங்கேற்கும். ஆக ஒரே இணைப்பு, ஒரு திசையில் ஒரு பொருளாகவும் மறு திசையில் வேறொரு பொருளாகவும் நடந்துகொள்கிறது.

தளம்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவது நியாயமாகாது. தளமே இல்லாத ஆய்வுக்கூட மாதிரிகளிலும் நார்த்ரிட்ஜுக்கு முந்தைய பற்றவைப்பு முறை முறிந்தது. ஏற்கனவே பலவீனமான கீழ்த்தகட்டின்மேல் தளம் கூடுதல் பாரத்தை ஏற்றியது என்பதே பொருத்தமான கூற்று. தளத்துக்கு நற்பண்புகளும் உண்டு. அது உத்தரத்தின் மேல்தகட்டைப் பிடித்து நிறுத்துவதால், உத்தரம் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்வது குறைகிறது. வலிமை படிப்படியாகச் சரிவதும் தாமதமாகிறது. நார்த்ரிட்ஜுக்குப் பிறகு 'டாக்போன்' என்று பெயர்பெற்ற முறை பரவியது. தூணிலிருந்து சற்றுத் தள்ளி உத்தரத்தின் தகடுகளை இருபுறமும் வளைவாக வெட்டி மெலிவித்து, நெகிழ்வை அங்கே வரவழைக்கும் முறை அது. அத்தகைய இணைப்புகளைத் தளத்தோடு சோதித்தபோது தளம் கேடு விளைவிக்காமல் உறுதிநிலைக்குத் துணைநின்றதையே ஆய்வுகள் காட்டின. 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் பல எஃகுக் கட்டடங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த சேதத்தோடு நின்றன. அதற்கு ஆய்வாளர்கள் கூறிய காரணங்களுள் தளம் அளித்த கூடுதல் விறைப்பும் வலிமையும் அடங்கும்.

ஆக, தளம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. அது பங்கேற்கிறது. பங்கேற்கும் ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்கினால் விடை எந்தத் திசையில் பிழைபடும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பொறியியலில் ஒரு பழைய ஆறுதல் உண்டு: 'இருக்கும் வலிமையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் நாம் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறோம்.' புவியீர்ப்புச் சுமைக்கு இது பெரும்பாலும் உண்மை. மேசையின் கால்கள் கணக்கிட்டதைவிட வலியவை என்றால் யாருக்கும் இழப்பில்லை. நிலநடுக்கத்துக்கு இது பொருந்தாது. அங்கே எது முதலில் தளர வேண்டும் என்ற வரிசையில்தான் பாதுகாப்பே இருக்கிறது. கற்பனையான எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஓர் இணைப்பில் சந்திக்கும் தூண்களின் மொத்த வலிமை 120 அலகு என்க. இருபுற உத்தரங்களும் தளமின்றித் தலா 50 அலகு, ஆக 100. தூண் வென்றது, பொறியாளர் கையொப்பமிடுகிறார். இப்போது தளத்தைச் சேர்ப்போம். ஒருபுற உத்தரம் தளத்தின் நெருக்கத்தால் 70 ஆகிறது. மறுபுறம் கம்பிகளின் உதவியால் 55 ஆகிறது. கூட்டினால் 125. இப்போது மெலிந்தது தூண். கட்டடத்தில் எதையும் யாரும் பலவீனப்படுத்தவில்லை. ஒன்றை வலுப்படுத்தியதாலேயே சேதம் இடம் மாறிவிட்டது. தூணுக்குள் உத்தரம் வந்து சேரும் பகுதிக்கும் இதே கதைதான். உத்தரம் கூடுதலாகத் தள்ளினால் அந்தப் பகுதி கூடுதலாகத் திரிய வேண்டியிருக்கும்.

இதெல்லாம் 1994-க்குப் பிறகுதான் தெரியவந்ததா என்றால், இல்லை. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழகத்தில் தளத்தோடு கூடிய உத்தர-தூண் இணைப்புகளைச் சோதித்திருந்தார்கள். தூணின் முகத்தில் முட்டும் கான்கிரீட், சுற்றிலும் இறுக்கப்படுவதால், தன் வழக்கமான நெருக்க வலிமையையும் கடந்து, ஏறத்தாழ 1.3 மடங்கு வரை தாங்கும் என்று அங்கே ஆய்ந்தோர் எழுதினர். அதே காலத்தில் பெர்க்லியில் ஈகோர் போப்போவ் குழுவினர் பற்றவைத்த இணைப்புகளைச் சோதித்துத் தந்த நம்பிக்கையின்மேல்தான் பின்னர் எழுந்த வழக்கமான இணைப்புமுறை நின்றது. அச்சோதனைகள் வெற்று எஃகில் செய்யப்பட்டவை. இரண்டு அறிவுகளும் நூலகத்தில் அருகருகே இருந்தன. ஒன்று விதியாயிற்று. மற்றொன்று ஆய்வுக் கட்டுரையாகவே தங்கிவிட்டது. இவற்றை இணைக்க வேண்டிய இடத்தில் நின்றது 'விட்டுவிடலாம்' என்ற சொல்.

நார்த்ரிட்ஜ் நிகழ்ந்து சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று, ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. அங்கே பற்றவைப்பு முறை வேறு. தொழிலாளர் மரபு வேறு. தூண்களின் வடிவமும் வேறு. ஆயினும் உத்தரத்தின் கீழ்த்தகட்டருகே முறிவுகள் அங்கும் காணப்பட்டன. இரண்டு நாடுகளின் பற்றவைப்பு முறைகள் வேறுபட்டிருந்தும் முறிவின் இடம் ஒத்திருந்ததால், இரு நாட்டுக் கட்டடங்களுக்கும் பொதுவான தளத்தின் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் மேலும் திரும்பியது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் அவசரநிலை மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் நிதியுதவியுடன் ஆண்டுக்கணக்கில் நடந்த 'சேக்' ஆய்வுத் திட்டம், 2000-இல் வெளியான வழிகாட்டு நூல்களில் முடிந்தது. அதன் கட்டுரைகளில் தளம் தனியொரு தலைப்பாக இடம்பெற்றது.

என் ஆய்வுக்குத் திறவுகோலாக அமைந்தது ஐரோப்பாவின் நிலநடுக்க விதிநூலான யூரோகோட் 8. எஃகும் கான்கிரீட்டும் இணைந்த சட்டகங்களைப் பற்றிய அதன் இயலில், உத்தரத்தின் வலிமையைக் கணக்கிடும்போது தளத்தைப் புறக்கணிக்க இசைவு தரப்படுகிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. தூணைச் சுற்றிக் குறிப்பிட்ட விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் தளம் எஃகுச் சட்டகத்திலிருந்து முழுமையாகத் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த விட்டம், உத்தரத்தோடு சேர்ந்து வேலை செய்யும் தளப்பகுதியின் அகலத்தைப்போல் இருமடங்கு. 'முழுமையாக' என்றால் என்னவென்றும் விளக்கம் தரப்படுகிறது: தூணின் பக்கங்களிலோ, முளைகளிலோ, இணைப்புத் தகடுகளிலோ தளம் தொடக்கூடாது, மடிப்புத் தகட்டைக்கூட உத்தரத்தில் ஆணியடித்திருக்கக் கூடாது. அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகத்தின் விதிநூலிலும் இதன் இணை உண்டு. உத்தரத்தின் முனையில் தகடு பற்றவைத்துத் தூணோடு போல்ட்டால் முடுக்கும் ஒருவகை இணைப்புக்கு, தூணையொட்டிய உத்தரப் பகுதியில் முளைகள் வைக்கக்கூடாது. தூணின் விளிம்புத் தகடுகளுக்கும் தளத்துக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விட வேண்டும். அதில் எளிதில் நசுங்கும் பொருளை இட்டு நிரப்பலாம்.

இந்த விதிகளின் இலக்கணத்தைக் கவனியுங்கள். 'புறக்கணிக்கலாம்' என்ற இசைவு இங்கே தனித்து நிற்கவில்லை. 'துண்டிக்க வேண்டும்' என்ற கடமையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. தாளில் இல்லாத ஒன்று கட்டடத்திலும் இல்லாதிருக்கட்டும். அல்லது கட்டடத்தில் இருக்கும் ஒன்று தாளிலும் இருக்கட்டும். பழைய வழக்கத்தில் 'லாம்' பேசியது பொறியாளரின் கணக்கைப் பற்றி மட்டும். புதிய விதியில் அது கொத்தனாரின் கரண்டி வரை போகிறது. விதிநூலாசிரியர்கள் செய்ததை மொழியியலில் சொல்வதானால், ஓர் இசைவு வாக்கியத்தை நிபந்தனை வாக்கியமாக மாற்றினார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதியதன்று. இணைப்பைப் பற்றி நாம் நெடுங்காலமாகப் பேசிவருகிறோம்; அதற்குப் புணர்ச்சி என்றும் சந்தி என்றும் பெயர் வைத்திருக்கிறோம். தனித்து நிற்கும் 'பல்' வேறு. 'பொடி' அருகில் வந்தால் 'பற்பொடி'. தனித்து நிற்கும் 'மரம்' வேறு. 'வேர்' வந்தால் 'மரவேர்'. குற்றியலுகரம் குறுகுவது தன் அண்டையின் காரணத்தால். அதற்கெனத் தொல்காப்பியம் தனி இயலே வகுத்திருக்கிறது. அகராதியில் இருக்கும் சொல்லைத் தனியே ஒலித்துப் பார்த்துவிட்டுப் பேச்சில் அது எப்படி ஒலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. தற்கால மொழியியலிலும் இதே பாடம் உண்டு. 1965-இல் நோம் சாம்ஸ்கி, ஒருபடித்தான சமூகத்தில் வாழும் இலட்சியப் பேசுநரை ஆய்வுப்பொருளாக முன்வைத்தார். அடுத்த ஆண்டு வெளியான வில்லியம் லபோவின் நியூயார்க் ஆய்வு, அந்த இலட்சியத்துக்காக ஒதுக்கிவைக்கப்பட்ட வேறுபாடுகளுக்குள்ளேயே ஒழுங்கு இருப்பதைக் காட்டியது. இலட்சிய வடிவத்தை ஆராய்வது தவறாகாது. ஒதுக்கிவைத்ததை எங்கே வைத்தோம் என்று மறப்பதுதான் தவறு. இரண்டுக்கும் ஓர் வேறுபாடும் உண்டு: எங்கள் துறையில் மறந்தால் ஒரு கோட்பாடு திருத்தப்படும். அவர்கள் துறையில் மறந்தால் கட்டடத்துக்குள் மனிதர்கள் இருப்பார்கள்.

பெயரிடுதலும் இதில் பங்குபெறுகிறது. எஃகுக் கட்டடத்தின் எல்லா இணைப்புகளும் நிலநடுக்கத்தை எதிர்ப்பதற்கென அமைக்கப்படுவதில்லை. பல இணைப்புகள் தள எடையைத் தூணுக்குக் கடத்துவதற்கு மட்டும் உரியவை; நடுத்தகட்டை மட்டும் ஒரு சிறு தகட்டோடு போல்ட்டால் பிணைப்பார்கள். இவற்றுக்கு 'எளிய இணைப்பு' என்று பெயர். வளைவை எதிர்க்கும் திறன் இவற்றுக்கு இல்லை என்று கொள்வது வழக்கம். ஜூடி லியூ, அபோல்ஹசன் அஸ்தானே-அஸ்ல் இருவரும் பெர்க்லியில் இத்தகைய இணைப்புகளைத் தளத்தோடு சேர்த்துச் சோதித்து 2000-இல் வெளியிட்ட முடிவுகள் வேறாக இருந்தன. தளம் நெருக்கத்தை ஏற்றுக்கொள்ள, கீழேயுள்ள போல்ட்டுகள் இழுவிசையை ஏற்க, 'எளிய' இணைப்பு கணிசமான வளைவு எதிர்ப்பைக் காட்டியது. பெருத்த சுழற்சியில் கான்கிரீட் நொறுங்கிய பிறகே அந்த உதவி விலகியது. இது நல்ல செய்திதான்; கட்டடத்துக்கு மறைந்திருந்த ஒரு கையிருப்பு. எனினும் 'எளிய' என்ற பெயர் அந்தக் கையிருப்பைப் பல காலம் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்தது.

இந்தியாவில் எஃகுச் சட்டகக் கட்டடங்கள் இன்னும் சிறுபான்மையே. நம் நிலநடுக்க நினைவு முழுவதும் செங்கல்லும் கான்கிரீட்டும் சார்ந்தது. அந்த நினைவிலேயே இதற்கு ஒப்பான கதை இருக்கிறது. கான்கிரீட் சட்டகங்களுக்கு இடையே கட்டப்படும் செங்கற்சுவர்களை எடையாக மட்டும் கணக்கிட்டு, அவற்றின் விறைப்பை விட்டுவிடுவது நம் நாட்டில் நீண்டநாள் வழக்கம். மேல்மாடிகளில் சுவர்கள் நிறைந்திருக்கும். தரைத்தளம் வாகனம் நிறுத்தத் திறந்திருக்கும். தாளில் எல்லா மாடியும் ஒன்றுபோல. உண்மையில் மேலே ஒரு பெட்டி, கீழே மெல்லிய கால்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள அகமதாபாத்தில்கூட இத்தகைய அடுக்ககங்கள் தரைத்தளம் நொறுங்கி அமர்ந்தன. 2016-இல் திருத்தப்பட்ட நம் நிலநடுக்க விதிநூலான ஐஎஸ் 1893, சுவரைக் குறுக்குச் சாய்வான முட்டுக்கட்டையாக உருவகித்துக் கணக்கில் சேர்க்கும் முறையைத் தருகிறது. அங்கே சுவர், இங்கே தளம். இரண்டும் 'எடை' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டவை.

விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் அலுவலக வளாகங்களிலும் மடிப்புத் தகட்டின்மேல் கான்கிரீட் ஊற்றிய எஃகுச் சட்டகங்கள் இப்போது நம் நாட்டிலும் எழுகின்றன. இமயமலை அடிவாரம் முதல் வடகிழக்கு வரை அவை எழும் மண் அமைதியானதன்று. இன்னொரு புறம், 1994-க்கு முந்தைய எஃகுச் சட்டகங்கள் கலிபோர்னியாவில் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. சான்டா மோனிகா நகரம் 2017-இல்தான் இவ்வகைக் கட்டடங்களை ஆய்ந்து வலுப்படுத்துவதைச் சட்டக் கடமையாக்கியது. நார்த்ரிட்ஜிலிருந்து அதற்கு 23 ஆண்டுகள். ஒரு வினைமுற்றை 'லாம்' என்பதிலிருந்து 'வேண்டும்' என்பதற்கு நகர்த்த அவ்வளவு காலம் ஆனது.

எனவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, பொறியியல் ஆய்வு மாணவர்களுக்கு. உங்கள் ஆய்வேட்டில் 'தளத்தின் விளைவு புறக்கணிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதும்போது அதன் அடியில் இன்னும் இரண்டு வரிகள் சேருங்கள். அப்படி விட்டதால் உத்தரத்துக்கும், தூணுக்கும், பற்றவைப்புக்கும் விடை எந்தத் திசையில் மாறும் என்பது ஒரு வரி. உண்மைக் கட்டடத்தில் அந்தப் புறக்கணிப்பை மெய்யாக்குவது எது, இடைவெளியா, முளையின்மையா, அல்லது எதுவுமே இல்லையா என்பது மற்றொரு வரி. இரண்டாவது, தமிழில் தொழில்நுட்ப நூல் எழுதுவோருக்கும் கலைச்சொல் ஆக்குவோருக்கும். விதிநூல்களின் இசைவு வாக்கியங்களைத் தமிழாக்கும்போது 'லாம்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 'கணக்கில் சேர்க்காமலிருக்க இசைவுண்டு' என்பது வேறு. 'சேர்க்காவிட்டாலும் தீங்கில்லை' என்பது வேறு. இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லும் வளம் நம் மொழிக்கு இருக்கிறது.

கட்டுமானத் துறையில் பணியாற்றும் நண்பர்களிடம் ஒரு கேள்வியும் உண்டு. நீங்கள் பார்த்த எஃகுச் சட்டக வேலைகளில், தூணைச் சுற்றித் தளத்துக்கு இடைவெளி விடும்படி வரைபடத்தில் குறித்திருந்தார்களா? குறித்திருந்தால், கான்கிரீட் ஊற்றும் நாளில் அந்த இடைவெளி உண்மையில் காக்கப்பட்டதா, காரையால் நிரம்பிப்போனதா? களத்தில் அந்த இடைவெளியை எந்தப் பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதையும் தெரிவித்தால் என் சொற்பட்டியலில் சேர்த்துக்கொள்வேன்.